ஓதின மணலும் வெள்ளைப் பசளையும்

இலையைக் கிள்ளிப் பையில் போட்டு ஆய்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் பாக்கியவான்களே, இளம் விவசாயப் போதனாசிரியர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இலையில் நைதரசன் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று உங்களுக்கு இன்று தாளில் அடித்து வருகிறது. எங்கள் காலத்தில் ஆய்கூடம் என்பது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த இடம். இலையை அங்கே வைத்துத் தடவிப் பார்ப்போம், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது சொல்வோம். பாதி நேரம் சரியாக இருக்கும்.

உங்களில் ஒருவர், பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும், போன கிழமை என் வீட்டுக்கு வந்து முறையிட்டார். "சேர், நான் சரியாத்தான் சொல்லுறன். ஒரு கமக்காரனும் கேக்கிறான் இல்லை." அவருக்கு அன்று பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் நீளமானது. அதில் ஒரு போடியாரும், காக்கா என்று மரியாதையாக அழைக்கப்பட்ட ஒரு முஸ்லிம் கமக்காரரும், நிறையப் புழுக்களும் வருகிறார்கள். பிஸ்கட் தீர்வதற்குள் சொல்லி முடிக்க முடியாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. நான் விவசாயப் போதனாசிரியனாக மட்டக்களப்புக்கு வந்த புதிது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வட்டை என் பொறுப்பில் இருந்தது. ஒரே குளத்துத் தண்ணீரை நம்பி ஒன்றாகக் கிடக்கும் வயல்களைத்தான் அங்கே வட்டை என்பார்கள். சைக்கிளைத் தோணியில் ஏற்றி, சைக்கிளுக்கும் எனக்கும் சேர்த்துத் தோணிக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, அக்கரையில் இறங்கி மிதிப்பேன்.

வட்டையில் பெரிய காணிக்காரர் ஒரு போடியார். நல்ல மனிதர். கோபம் வரும்போது மட்டும் அந்த நல்ல மனிதரை வீட்டில் விட்டுவிட்டு வருவார். அவருடைய வயலின் முன்பக்கம் வண்டிப்பாதையை ஒட்டிக் கிடந்தது. பாதையால் போகிறவர்கள் மாட்டை நிறுத்தி, "இது ஆர்ர வெள்ளாமை?" என்று கேட்கவேண்டும். கேட்காமல் போனவனை அவர் அடுத்த தேர்த்திருவிழா வரை மறக்கமாட்டார்.

அந்த வருடம் திணைக்களம் சல்பேட்டுப் பசளையைக் கொஞ்சம் அனுப்பியது. சீனி போல இருந்ததால் வட்டையில் அதற்கு வெள்ளைப் பசளை என்று பெயர் விழுந்தது. காணிக்காரர் ஒவ்வொருவருக்கும் சிறிது கொடுத்து, எப்படி விசிறவேண்டும் என்று காட்டினேன். போடியார் தன் பங்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது போடியாருட வயல். கோழிக்குத் தீன் எறியிற மாதிரி எறிஞ்சுபோட்டு நான் எப்பிடி வெளியில திரியிற?"

"பயிருக்கு இவ்வளவுதான் வேணும், போடியார்."

"பயிருக்குக் காணும். எனக்குக் காணாது."

மச்சான்மார், மருமக்கள் எல்லோருடைய பங்கையும் வாங்கிச் சேர்த்தார். விதைப்புக்கு முன்பே எருமைப் பட்டியை முன்பக்கத்தில் அடைத்து எருவேற்றியிருந்தார். அந்த மண்ணின்மேல் இந்தப் பசளையும் போய்ச் சேர்ந்தது, அதுவும் முழுவதும் முன்பக்கத்துக்கே. பின்பக்கம் காட்டைப் பார்த்துக் கிடந்தது. காடு வண்டியை நிறுத்தி விசாரிக்காது என்பதால் அங்கே ஒரு பிடியும் போகவில்லை. பசளை பயிருக்குப் போடுவது என்று படித்துவிட்டு வந்தவன் நான். அந்தஸ்துக்கும் போடலாம் என்பதைப் படுவான்கரையில்தான் அறிந்தேன்.

முன்பக்கம் எழும்பி நின்ற அழகை மறைக்கக்கூடாது. கறுப்பென்று சொல்லத்தக்க பச்சை. ஏறாவூர்ச் சந்தைக்குப் போகிற வண்டியெல்லாம் நின்றன. போடியார் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு, தற்செயலாக வந்தவர் போல் ஒவ்வொரு நாளும் தற்செயலாக நிற்பார்.

அவருடைய வயலுக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு இருந்தது. அது ஏறாவூர் ஆதம்லெவ்வை காக்காவின் காணி. போடியாரின் வயலுக்குள் பாய்ந்த தண்ணீர்தான் வரம்பில் வெட்டிய வக்கடை வழியாகக் காக்காவின் வயலுக்கு இறங்கும். வேறு வழியில்லை. காக்கா வெள்ளைப் பசளையைத் தொடவே இல்லை. "புதுச்சாமான முதல்ல பெரிய ஆக்கள் திண்டு பாக்கட்டும் ஐயா, மறுகா நாங்க" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, தன் ஊர்ப் பள்ளிவாசல் லெவ்வையைக் கொண்டு, பூச்சி அண்டாதபடி மணல் ஓதுவித்து வந்து வயலின் நான்கு மூலைக்கும் தூவினார். அந்தப் பக்கத்தில் அது புதிதல்ல. காக்காவின் ஊரார் மணல் ஓதுவார்கள், போடியாரின் ஊரார் கோயிலில் தண்ணீர் ஓதித் தெளிப்பார்கள். காக்காவின் பயிர் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல வெளிறி நின்றது.

"என்ன காக்கா, வெள்ளாமை நோன்பு பிடிக்குதா?" என்று போடியார் வரம்பிலிருந்து கேட்பார். காக்கா அதற்கும் சிரிப்பார்.

பிறகு மடிச்சுக்கட்டி வந்தது. உங்களில் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் புழு நெல்லின் இலையை நீளப்பாட்டில் மடித்து, நூல் விட்டுத் தைத்து, உள்ளே இருந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். சுரண்டிய இடம் வெள்ளையாகிவிடும். போடியாரின் முன்பக்கம் சில நாட்களில் நரைத்துப்போயிற்று. வண்டிகள் அப்போதும் நின்றன, ஆனால் கேள்வி வேறாக இருந்தது. வரம்புக்குக் கீழே காக்காவின் வயலோ, தூரத்திலிருந்து பார்க்க, தன் வெளிறிய பச்சையோடு அப்படியே நின்றது.

போடியார் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தார். காக்கா மணல் தூவினார், காக்காவின் வயலில் புழு இல்லை, தன் வயலில் இரண்டு வயலுக்கான புழு. ஆகவே ஓதின மணல் புழுக்களைக் கிளப்பி வரம்பு தாண்டி விட்டிருக்கிறது. அன்றே வக்கடையைக் களிமண்ணாலும் முள்ளாலும் அடைத்துவிட்டார்.

கதிர் தள்ளுகிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் போனால் நெல் பதராகிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காக்காவின் வயல் வெடிக்கத் தொடங்கியது. அவருக்கு அந்தத் துண்டைத் தவிர வேறு காணி இல்லை. வீட்டில் அடுத்த மாரிவரை அடுப்பெரிவது அதை நம்பித்தான். தண்ணீர் பங்கிடும் பொறுப்பு வட்டவிதானையுடையது. அவர் போடியாரோடு பேசிப் பார்த்துத் தோற்று, எனக்கு ஆள் அனுப்பினார். குளத்துக் கதவை மறுநாள் மூடப்போகிறார்கள், இன்று தண்ணீர் இறங்காவிட்டால் காக்காவுக்கு வெள்ளாமை இல்லை என்பதுதான் செய்தி.

நான் போய்ச் சேர்ந்தபோது வரம்பில் இடமில்லை. போடியாரின் உறவினர் ஒரு பக்கம், ஏறாவூரிலிருந்து வண்டி கட்டி வந்த காக்காவின் சொந்தக்காரர் மறுபக்கம். எல்லோருடைய கையிலும் மண்வெட்டி இருந்தது. வயலில் மண்வெட்டி இருப்பது வழக்கந்தான், ஆனால் அன்று யாரும் மண் வெட்டவில்லை. பேச்சு வயலை விட்டு இறங்கி, உங்கட ஊர் எங்கட ஊர் என்று நடக்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வியர்வை துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவன் அல்லவா? எடுத்த எடுப்பில் உண்மையைப் போட்டு உடைத்தேன். "போடியார், மணலால புழுவை விரட்ட ஏலாது. காக்காவில பிழையில்லை."

பதில் போடியாரிடமிருந்து வரும் என்று பார்த்தேன். வாய் திறந்தவர் காக்கா.

"என்ன ஐயா இப்பிடிச் சொல்றீங்க?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மணல்தான் வேலை செஞ்ச. லெவ்வை சும்மாவா ஓதினவர்? தொண்டை கட்டிப்போச்சு மனிசனுக்கு!"

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" போடியார் குடையைத் தூக்கிக் காட்டினார். "தன்ட வாயால ஒத்துக்கிட்டார். இனி என்ன விசாரணை?"

குற்றத்திலிருந்து காப்பாற்றப் போனவரே குற்றத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஏதாவது இருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சங்கடம் அதோடு முடியவில்லை. புழு ஏன் முன்பக்கத்தைத் தேடி வந்தது என்பது எனக்குப் புரிந்திருந்தது. நைதரசன் ஏறி மென்மையான இலை அது, கலியாண வீட்டுச் சாப்பாடு போல. ஆனால் "நீங்கள் அள்ளிக் கொட்டிய பசளைதான் காரணம்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால், அவமானப்பட்ட போடியார் வக்கடையை ஒருநாளும் திறக்கமாட்டார். வட்டையில் ஒருவனும் வெள்ளைப் பசளையைக் கையால் தொடவும் மாட்டான். அதைக் கொண்டு வந்து கொடுத்தவனே நான்தானே. சொல்லாமல் விட்டால் காக்காவின் பயிர் கருகும்.

ஒரு ஆலோசனை. யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் வெற்றிலை கேளுங்கள். வெற்றிலை போடுகிறவனை எவரும் அவசரப்படுத்தமாட்டார்கள். நான் கேட்டேன். வட்டவிதானை தன் மடியை அவிழ்த்துக் கொடுத்தார். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கைத் தேடுகிற பாவனையில் இரண்டு வயலையும் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. காக்காவின் வெளிறிய வயலில், வக்கடை வாயருகே மட்டும், விசிறி விரித்தது போல ஒரு கரும்பச்சைத் திட்டு. போடியாரின் எருவும் பசளையும் கரைந்த தண்ணீர் முதலில் விழுந்த இடம். அதே மூலையில்தான் காக்கா ஒரு பிடி மணலும் தூவியிருந்தார்.

இரண்டு பேருடைய தவறையும் காட்டவேண்டும் என்பது தெளிவாயிற்று. யாருடையதை முதலில் காட்டுவது என்பதைத்தான் வெற்றிலையோடு சேர்த்து மென்றேன். போடியாரை முதலில் தோற்கடித்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார், தண்ணீர் அடைத்தபடியே கிடக்கும். வெற்றி பெற்றவன் எங்கே கூப்பிட்டாலும் வருவான்.

"காக்கா," என்றேன், "உங்கட மணல் நல்லா வேலை செஞ்ச மூலையைக் காட்டுங்கோ."

"எல்லா மூலையும் ஒண்டுதான் ஐயா."

"அப்ப இந்த வக்கடை மூலையில இறங்குவம்."

எல்லோரும் இறங்கினார்கள். வட்டவிதானை குனிந்து மடிந்த இலை ஒன்றைப் பிரித்தார். உள்ளே புழு நெளிந்தது. பக்கத்து இலையிலும் நெளிந்தது. அதற்குப் பக்கத்திலும். காக்கா தானே நாலைந்து இலையைப் பிய்த்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டார். சிரிக்கத் தெரிந்த அந்த முகத்தை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போடியாருக்கோ தீபாவளி. "எங்க காக்கா உங்கட மணல்? புழு மிதிச்சுக்கிட்டுப் போயிருக்கு!" அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

வட்டவிதானை நிமிர்ந்தார். நிதானமான மனிதர். "போடியார், நான் ஒண்டு கேக்கன். தன்ட காலடியில கிடக்கிற புழுவக் கிளப்ப ஏலாத மணல், வரம்பு தாண்டி உங்கட வயலுக்கு எப்பிடி அனுப்பின?"

சிரிப்பு நின்றது. போடியார் குடையை மடக்கினார், விரித்தார். "அப்ப ஏன் என்ட வயல்? இவ்வளவு பெரிய வட்டையில புழு ஏன் என்ட வயலக் கண்ட?"

அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன். "வாங்கோ, பின்பக்கம் போய்ப் பாப்பம்" என்றேன். காக்காவின் மணலை வென்ற உற்சாகம் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது. முன்னால் நடந்தே போனார்.

பின்பக்கம், காட்டோரம், பயிர் இளம்பச்சையில் நின்றது. ஒரு முழுத் துண்டில் மடிந்த இலையைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அதே போடியார், அதே விதைநெல், அதே தண்ணீர். முன்பக்கத்தில் கிள்ளிவந்த இலையையும் பின்பக்கத்து இலையையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் தடவிப் பார்த்தார். ஒன்று வாழைக்குருத்து மாதிரி வழவழவென்று வளைந்தது. மற்றது விறைப்பாக நின்று விரலைக் கீறியது. ஆயுளில் பாதியை வயலில் கழித்தவருக்கு விளக்கவுரை தேவையில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்தேன். நூறு கண்கள் அந்த முகத்தின் மேல் இருந்தன. இந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடினாலும் வேலை கெட்டுவிடும்.

"போடியார்," என்றேன், "இந்த வட்டையில புழுவுக்கு ருசி தெரிஞ்சிருக்கு. உங்கட முன்பக்கத்து விருந்து மாதிரி அதுக்கு வேற எங்கயும் கிடைக்கேல்ல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனா, மரியாதை செய்கிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. பிறகு அவருடைய தோள் குலுங்கியது.

"ஓம் மனே," என்றார், மகனைக் கூப்பிடுவது போல, சிரிப்பும் பெருமூச்சுமாக. "போடியார் வீட்டு விருந்தெண்டா பூச்சியும் அழையாம வரும்."

திரும்பி வக்கடைக்கு நடந்தார். பக்கத்தில் நின்றவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, முள்ளை இழுத்தெறிந்துவிட்டுத் தானே மண்ணை வெட்டினார். அவர் வெட்டி முடியும்வரை வக்கடையில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி, என் பாடத்தைச் சொன்னேன். பசளையில் குற்றமில்லை, அளவில்தான் குற்றம். இலை கறுத்து நின்றால் பசளையைத் தொடாதீர்கள். எருமை அடைத்த மண்ணில் வெள்ளைப் பசளை வேண்டாம். போடுவதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நல்ல பாடம், குரலும் நன்றாக இருந்தது. ஆனால் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காக்கா, தண்ணி வருகுது, கவனி," என்றார் போடியார்.

"வரட்டும் போடியார். உங்கட விருந்த மட்டும் அங்கயே வெச்சிக்கொள்ளுங்க," என்றார் காக்கா. முதல் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கிய சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு நான் அழாமல் இருந்தது வெற்றிலையின் புண்ணியம்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே வெளிறிய வயலையெல்லாம் கண்டு "ஆகா" என்று சொல்லித் திரியாதீர்கள். எல்லாப் பூச்சிக்கும் ஒரே நாக்கு இல்லை. வாடிய பயிரைத் தேடிப் போகிற பூச்சியும் உண்டு. காக்காவின் வயலும் அந்த முறை அமோகமாக விளையவில்லை. தண்ணீர் கிடைத்ததால் வீட்டுக்கு அடுப்பெரியும் அளவுக்கு விளைந்தது. போடியாருக்குப் பின்பக்கம்தான் கைகொடுத்தது. ஆய்கூடத்துத் தாள் இலையில் என்ன இருக்கிறது என்று சொல்லும். வரம்பில் யார் யார் நிற்கிறார்கள் என்று அதில் இருக்காது.

அடுத்த மாரியில் அந்த வட்டைக்குப் போனேன். போடியாரின் முன்பக்கத்தைப் பார்த்து சைக்கிளை நிறுத்திவிட்டேன். அளவான, சீரான பச்சை. வரம்புக்குக் கீழே காக்காவின் வயலும் கொஞ்சம் வெள்ளைப் பசளை கண்டு அதே பச்சையில் நின்றது. எது எவருடையது என்று பாதையிலிருந்து சொல்லமுடியாது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மனிதர் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்!

"போடியார், நான் சொன்ன மாதிரியே செய்திருக்கிறியள்," என்றேன்.

"நீர் சொன்னதா?" அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மனே, ஒருத்தருக்கும் சொல்லாதயும். இது காக்காட மணல். கேட்டு வாங்கித் தூவின நான். ஆனா அதுக்கு ஒரு பத்தியம் இருக்கு. மணல் விழுந்த மண்ணில எருமைப் பட்டி அடைக்கக்குடா. இலை கறுத்து நிண்டா வெள்ளைப் பசளை தொடக்குடா. மீறினா மணல் வேலை செய்யாதாம்."

எனக்கு வந்தது கோபம். அன்று வாய் வலிக்கச் சொன்னவன் நான், பெயர் மணலுக்கா? வரம்பைத் தாண்டிக் காக்காவிடம் போனேன். அவர் வக்கடையில் குந்தியிருந்து பாசி வழித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, அந்த மூலையில புழுவை உங்கட கையாலேயே பிரிச்சுப் பாத்தனீங்கள். பிறகும் போடியாருக்கு மணல் குடுத்திருக்கிறியள். அது உண்மையில ஓதின மணல்தானா?"

"ஓதினதான் ஐயா. லெவ்வையக் கரைச்சல் படுத்தல்ல. நானே ஓதின."

"நீங்களா? என்னத்தை ஓதினீங்கள்?"

காக்கா கையைத் தண்ணீரில் அலம்பிவிட்டு, பழைய சிரிப்போடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போன வெள்ளாமையில இந்த வக்கடையில நிண்டு சத்தமாச் சொன்னீங்களே, ஐயா. அதத்தான்."